திட்டமில்லாமல் கேமரன் மலை: ரிங்லெட்டில் இறங்குங்கள்

வாசகர் கேள்வி, பிப்ரவரி 11, மாலை

மலேசியாவில் கம்பாரில் படிக்க வந்திருக்கிறேன். திருச்சிப் பக்கம் ஊர். வருகிற வாரம் ஒரு நாள் வகுப்பு இல்லை. கேமரன் மலைக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? அறையில் கூட இருப்பவர்கள் "அங்கே தங்காமல் போனால் வீண், திட்டம் போடாமல் போனால் இன்னும் வீண்" என்கிறார்கள்.

பிப்ரவரி 11, இரவு

போகலாம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கிவிடலாம். ஆனால் ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஸ்ட்ராபெரித் தோட்டம், பாசிக்காடு, பட்டாம்பூச்சிப் பண்ணை, பிரிஞ்சாங் சந்தை என்று பட்டியல் போடாதீர்கள். பேருந்தை நம்பிப் போகிறவருக்கு அதில் பாதிகூட நடக்காது. மலைமேல் ஊர் விட்டு ஊர் போக வாடகை வண்டிதான். மாணவர் கையில் இருக்கும் காசு அதிலேயே கரைந்துவிடும்.

ரிங்லெட்டில் இறங்குங்கள். தாப்பா சாலையில் ஏறினால் மலையில் முதலில் வரும் ஊர் அதுதான். எல்லாரும் மலைமேல் இருக்கும் தலைமை ஊரான தானா ராத்தாவுக்குப் போகிற அவசரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களையும் காய்கறித் தோட்டங்களையும் நம்பிப் பிழைக்கும் சின்னக் கடைத்தெரு. அதில் ஒரு நாளைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

நான் முசிறிக்காரி. கம்பாரில் படித்தபோது போனேன், முன்யோசனை எதுவும் இல்லாமல்தான். மலேசியாவில் இருந்த வருஷங்களில் மனசில் நிற்கிற நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதனால்தான் "வீண்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, காலை

எப்படிப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

கூடப் படித்த தோழிக்கு பீடோர் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வீடு. மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். திங்கட்கிழமை காலை தாப்பா பேருந்து நிலையத்தில் கம்பார் வண்டிக்காக நின்றபோது அன்றைய வகுப்பு ரத்து என்று கைப்பேசியில் செய்தி வந்தது. எதிரே மலைக்குப் போகிற வண்டி உறுமிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அவள் அந்த மலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள். மேலே போனதென்னவோ ஆரம்பப்பள்ளியில் சுற்றுலா கூட்டிப் போனபோதுதான். "வா, ஏறுலா. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று என் பையைப் பிடித்து இழுத்தாள்.

கையில் இருந்தது, கோவில் பிரசாதம், அவள் அம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), ஆளுக்கொரு துண்டு. குளிருக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 12, மதியம்

சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டால் நாளைக்கு என்னைத் திட்டுவீர்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் சுமார் 45 கிலோமீட்டர். அந்தத் தொலைவு முழுக்க வளைவு. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். தோழிக்குப் பாதி வழியிலேயே தலை சுற்றிவிட்டது. பின்சீட்டில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் கைப்பையிலிருந்து ஆசாம் போய் எடுத்துக் கொடுத்தார். உப்பும் புளிப்புமாக உலர்த்திய பிளம் பழம். வாயில் போட்டு அடக்கிக்கொண்டால் குமட்டல் நிற்கிறது. தாப்பாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் சாலையை ஒட்டியே லாத்தா இஸ்கந்தார் அருவி. அதைத் தாண்டினால் செமாய் பூர்வகுடி மக்களின் மூங்கில் வீடுகளும், சாலையோரக் கடைகளில் தொங்கும் பெத்தாய்க் (காட்டு அவரை மாதிரி ஒரு காய்) கொத்துகளும், தேன் பாட்டில்களும். கீழே இருந்த புழுக்கம் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தெரியவே இல்லை. பேராக் மாநிலம் முடிந்து பகாங் மாநிலம் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது ஜன்னலைச் சாத்தியிருந்தோம்.

பிப்ரவரி 12, இரவு

ரிங்லெட் கதை.

வண்டியை விட்டு இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. ரிங்லெட் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். துண்டைப் போர்த்திக்கொண்டு முதலில் கண்ணில் பட்ட நம்மவர் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவில் ஒரு பெண், உள்ளே அடுப்படி ஓரம் நாற்காலியில் அவள் பாட்டி. எழுபதைத் தாண்டியிருக்கும்.

"வாங்க பிள்ளைங்களா, பசியாறிட்டீங்களா?"

தோழியைப் பார்த்து அடுத்த கேள்வி: "எந்தத் தோட்டம்?" பெயர் கேட்கவில்லை, அப்பா யார் என்று கேட்கவில்லை. தோட்டம் எது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி. தோழி சொன்னாள். அந்தத் தோட்டத்தில் பெண் கட்டிக் கொடுத்த குடும்பம் ஒன்றைப் பாட்டி சொல்ல, அது தோழியின் அடுத்த வீடாக இருக்க, அவ்வளவுதான், இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள்.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "நீ ஊர்லேருந்து வந்த பிள்ளையா?" முசிறி என்றேன். பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய அம்மாயி துறையூர். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். முதலில் கீழே பால்மரம் (ரப்பர்) வெட்டியிருக்கிறார்கள். மலைக்குச் சாலை போட்டுத் தேயிலை நட ஆரம்பித்த காலத்தில் குடும்பத்தோடு மேலே வந்திருக்கிறார்கள். அம்மாயி சாகிற வரைக்கும் இந்த மலையைக் காட்டி "எங்க பச்சைமலையும் இப்படித்தான் நிக்கும்" என்று சொல்வாராம். பாட்டி துறையூரைப் பார்த்ததே இல்லை. "அது நெசமாவே இருக்கா? பஸ்ஸுலேருந்து பார்த்தாத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். முசிறியிலிருந்து துறையூர் போகும்போது மலை எந்தப் பக்கம் வரும், ஏரி எந்தப் பக்கம் வரும் என்று மேசையில் விரலால் தண்ணீர் தொட்டுக் கோடு போட்டுக் காட்டினேன். பேத்தியைக் கல்லாவிலிருந்து கூப்பிட்டு, "வந்து பாருடி" என்றார்.

பச்சைமலையைப் பற்றி என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. துறையூர் எனக்கு வண்டி மாறும் ஊர், அவ்வளவுதான். அங்கே இருந்து ஒருத்தி கப்பல் ஏறினாள், அவள் பேத்தி நாலாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்து அந்த மலை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறாள் என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பிப்ரவரி 13

கேமரன் வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் வந்து பார்த்த மேட்டுநிலம். 1920களில்தான் மலைவாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தை ரிங்லெட்டுக்கு மேலே ஹாபு பக்கத்தில் ஆரம்பித்தார். பாரத் தோட்டம் 1933. புத்தகங்களில் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. காட்டை வெட்டி, செடி நட்டு, சரிவில் நின்று கிள்ளியவர்களின் பெயர் இல்லை. பெயர் வேண்டுமானால் ரிங்லெட் கடைகளில் உட்கார்ந்து கேட்கத்தான் வேண்டும்.

பிப்ரவரி 13, இரவு

"தேயிலைத் தொழிற்சாலை பார்க்காமல் என்ன பயணம்?" என்று ஒருவர். பார்க்கலாம், நல்ல இடம். 'போ' தொழிற்சாலையில் வருகையாளர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் நினைவில் வையுங்கள். நாங்கள் போனது திங்கள். அதனால்தான் எங்களுக்குப் பாட்டி கிடைத்தார் என்று தோழி இன்றைக்கும் சொல்வாள்.

பாட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து தன் பழைய கத்தரியை எடுத்துக் காட்டினார். வேலி வெட்டுகிற பெரிய கத்தரி மாதிரிதான். ஒரு அலகின் மேல் தகரப்பெட்டி பொருத்தியிருக்கிறது. வெட்டுகிற கொழுந்து அதில் விழும். நிறைந்ததும் ஒரு உதறு, பின்னால் தோளுக்கு மேல் கூடைக்குள் போய்விடும். எனக்கு அதைத் தூக்கிப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது. கைப்பிடி மரத்தில் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் குழிந்து வழுவழுவென்று இருந்தது. அவர் கட்டைவிரலைக் கொண்டுபோய் அதில் வைத்தார். பொருந்தியது.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையால்தான் கிள்ளுவார்களாம். கத்தரி பிறகு வந்தது. இப்போது சரிவு குறைந்த இடங்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தால் அறுக்கிறார்கள். செங்குத்தான இடத்தில் இன்னும் கத்தரிதான். ஒரு செடியில் வெட்டினால் மறுபடி அதே செடிக்குத் திரும்பி வர ஏறக்குறைய மூன்று வாரம். ஐந்து கிலோ பச்சை இலை வாட்டி, உருட்டி, பதம் வரவைத்து, காயவைத்தால் ஒரு கிலோ தூள். கூலி எடைக்குத்தான். மழையில் நனைந்த இலைக்கு எடை கூடும் என்று கணக்கில் கழிப்பார்களாம். "மழையில நாங்க நனைஞ்சதை யாரும் கணக்கு வைக்கல" என்றார்.

விடியுமுன் பெரட்டு, அதாவது வருகைப் பதிவு. மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிடும் நேரத்துக்குப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓட வேண்டும். அவருடைய மூன்று பிள்ளைகளும் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்கள்.

பிப்ரவரி 14

"இப்போது தோட்டத்தில் தமிழரே இல்லை, எல்லாம் பங்களாதேஷிகள்" என்று எழுதியிருப்பவருக்கு.

பாதிதான் சரி. கொழுந்து வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இப்போது பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியா என்று வெளியிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் "இல்லை" என்று முடித்துவிடாதீர்கள். கடைத்தெருவில் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் இருக்கிறார்கள், காய்கறி பயிரிடுகிறார்கள். மலையில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. இவை தாமாக நிற்கவில்லை.

போனவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1938இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதோடு கங்காணி முறைக்கும் முடிவு. புதிதாக ஊரிலிருந்து வருகிறவர் குறைந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும், நாட்டின் பல தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறித் திரும்பிப் போனார்கள். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் உழைத்தவர்கள், கையில் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை இல்லை என்பதற்காக. பாட்டியின் தமக்கை குடும்பம் அப்படிப் போனது. அதன் பிறகு ஒரு கடிதம் வந்ததாம். அப்புறம் இல்லை.

மிச்சம் இருந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், ஷா ஆலாம், ஜொகூர், சிங்கப்பூர் என்று போனார்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைதான் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். நாற்பது வருஷம் இருந்த வீட்டை விட்டுப் போகிறவர் எங்கே போவார்? பாட்டிக்கு ரிங்லெட்டில் கடை கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 14, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைத் தோழிக்கு அனுப்பினேன். "எங்க தோட்டத்தையும் எழுது" என்கிறாள். சரி. அவள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பால்மரம். பிறகு செம்பனை. கோவில் திருவிழாவுக்கு மட்டும் வெளியூரிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர் வண்டிகள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் வரிசையாக நிற்கும். மறுநாள் போய்விடும். கூழ் ஊற்றிய அண்டாவைக் கழுவிக் கவிழ்க்க மீந்தவர்கள் அவள் அம்மாவும் இன்னும் சிலரும். அந்தக் காலையில்தான் நாங்கள் தாப்பாவுக்குக் கிளம்பினோம்.

பிப்ரவரி 15

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே யாரையும் பார்த்து "நீங்க இன்னும் தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்று ஆச்சரியப்படாதீர்கள். பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறீர்கள். கேட்கிறவருக்கு வலிக்கும். தோழி சொல்வாள்: "பள்ளிக்கூடத்தை மூட விடாம எங்க தாத்தா கையெழுத்து வாங்கி அலைஞ்சாரு. நீங்க வந்து 'இன்னும்'கிறீங்க."

அவர்கள் நம்முடைய மிச்சம் மீதி இல்லை. இங்கே ஒரு தனி வாழ்க்கை நடந்திருக்கிறது, நமக்குத் தெரியாத துயரமும் பெருமையும் அதில் இருக்கின்றன. கேட்கப் போங்கள். சான்றிதழ் கொடுக்கப் போகாதீர்கள்.

பிப்ரவரி 16

சாப்பிட்ட பிறகு என்ன செய்தோம் என்று கேள்வி. பாட்டியின் பேரன் காய்கறிப் பெட்டி ஏற்றப் போகிற பழைய லேண்ட்ரோவரில் எங்களை ஏற்றிக்கொண்டான். கேமரன் மலையில் இந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, தகரம் தேய்ந்து, கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு. ஏரியை ஒட்டி ஹாபு போய், தோட்டச் சாலையில் கொஞ்ச தூரம். இரண்டு பக்கமும் தேயிலை. சரிவில் வளைந்து வளைந்து போகும் நடைபாதை ஒவ்வொன்றும் ஆள் நடந்து நடந்து வந்த தடம். பேரன் வண்டியை நிறுத்தி ஒரு மேட்டைக் காட்டி, "அதுதான் அம்மாச்சி வெட்டின மலை" என்றான். அந்த மலைக்கு ஒரு எண் இருந்தது, அதுவும் சொன்னான். அதை நான் கவனிக்கவில்லை. சரிவின் செங்குத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகில் கூடையோடு அதில் எப்படி நிற்பது?

பிப்ரவரி 16, இரவு

ஏரி அழகாக இருக்குமா? இருக்கும், ஆனால் கலங்கிய பழுப்பு நிறம். மேலே காய்கறிக்காகக் காட்டை வழித்த இடங்களிலிருந்து மண் இறங்கி அதில் சேர்கிறது. அது இயற்கை ஏரி இல்லை, சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். அந்தத் தண்ணீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி மின்சாரமாகிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணை திறக்கப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின. கடைத்தெருவில் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். படம் எடுக்க நிற்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டு நிற்கட்டும்.

அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். மழையும் மண்சரிவும் சேர்ந்து தாப்பா சாலையை மறித்துவிடும். ஒரு நாள் பயணம் அங்கேயே முடங்கிவிடும்.

பிப்ரவரி 17

ஜிம் தாம்சன் எங்கே காணாமல் போனார் என்று ஒருவர். தாய்லாந்துப் பட்டு வணிகர், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா அருகே ஒரு மாளிகையிலிருந்து உலவப் போனவர் திரும்பவில்லை. ஆள் அகப்படவே இல்லை. ஆர்வம் இருந்தால் தங்கிப் போகும்போது பாருங்கள். ஒரு நாளில் இதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிப்ரவரி 17, இரவு

நடைமுறை விஷயங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில். கடவுச்சீட்டையும் மாணவர் அனுமதி அட்டையையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் காவல் சோதனை இருக்கலாம். இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று கடைக்காரர் ஒருவரிடம் கேட்பது. அட்டவணையை விட அவர் வார்த்தை நிச்சயம். கையில் சில்லறை வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். குளிர் ஆடையும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மழை வராத நாள் குறைவு.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர், தமிழ் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பேசிப் போகலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் வேன் நிறைய ஆட்களாக ஒரு சின்னக் கடைக்குள் இறங்கி, ஆளுக்கொரு தே (டீ) மட்டும் குடித்துவிட்டு ஒரு முதியவரைச் சுற்றி நின்று கேள்வி கேட்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போங்கள். மதியச் சாப்பாடு ரிங்லெட்டிலேயே சாப்பிடுங்கள். சரிவில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அவர் பங்களாதேஷிலிருந்து வந்தவராக இருந்தாலும் நம்முடைய அம்மாயிகள் நின்ற இடத்தில்தான் நிற்கிறார், மரியாதை ஒன்றுதான். வேன்காரரிடம் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிப் பேசுங்கள். தொழிற்சாலையும் திறந்திருக்கும், கடைத்தெருவில் வார இறுதிக் கூட்டமும் இருக்காது.